யார் தலையில் பழகுவது?

சட்டக் கல்லூரிகள் வக்கீல்களை உருவாக்குகின்றன என்று ஊரெல்லாம் நம்புகிறது. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அவை பட்டதாரிகளை அனுப்பி வைக்கின்றன, அவ்வளவுதான். அந்தப் பட்டதாரியை வக்கீலாக்குகிறவர்கள், விருத்தாசலம் போன்ற ஊர்க் கோர்ட்டுகளின் வராந்தாவில் காத்து நிற்கும் கட்சிக்காரர்கள். அதற்கான செலவும் அவர்களுடையதே. பணமாகக் கொடுக்கிறார்கள், நிலமாகக் கொடுக்கிறார்கள், சில சமயம் சிறைவாசமாகவும் கொடுக்கிறார்கள்.

விருத்தாசலத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அது பீங்கான் ஊர். அந்தத் தொழிலைக் கற்பிக்க அங்கே அரசாங்கப் பயிலகம் இருக்கிறது. பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் செய்கிற பட்டறைகள் இருக்கின்றன. களிமண்ணின் ரசாயனத்தை ஒருவன் மனப்பாடமாக ஒப்பிக்கலாம். ஆனால் ஈரம் போகக் காயாததைச் சூளையில் வைத்தானானால் அது வெடிக்கும். வெடித்ததைப் பார்த்தவன் மறுமுறை அவசரப்பட மாட்டான். போனது மண்தானே! வக்கீல் கையில் வெடிப்பது ஒரு குடும்பமல்லவா? நான் கதையைக் கெடுத்தால் வாசகர் பத்திரிகையை மூடிவிடுவார். கெடு தெரியாத வக்கீல் ஒரு நாள் தாமதமாகப் பிராது போட்டால் கட்சிக்காரன் எதை மூடுவான்?

இது இன்று முளைத்த குறை அல்ல. சென்னையில் சட்டக் கல்லூரி தோன்றிய அதே 1891-ல்தான் காந்தி லண்டனில் பாரிஸ்டரானார். ஊர் திரும்பியவர், பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றார், ஒரு கேள்விகூட வரவில்லை, உட்கார்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்த நேர்மை எத்தனை பேருக்கு வரும்?

1961-ல் வந்த வக்கீல்கள் சட்டம், பட்டத்துக்குப் பிறகு பயிற்சியும் பரீட்சையும் வேண்டும் என்றது. 1973-ல் அதை எடுத்துவிட்டார்கள். 1995-ல் பார் கவுன்சில் ஓராண்டுப் பயிற்சியை விதியாக்கியது. அப்படி விதிக்கச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்று 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்துச் செய்தது. பயிற்சியே வேண்டாம் என்று கோர்ட்டு சொல்லவில்லை. ஆனால் அந்த ஓராண்டைத் திரும்பக் கொண்டுவர யாருக்கும் அவசரம் இல்லை. பதிலாக 2011 முதல் ஒரு பரீட்சை நடக்கிறது: 100 கேள்விகள், கொடுத்திருக்கும் விடைகளில் ஒன்றுக்குக் குறி போட வேண்டும். குறி போடத் தெரிந்தவனுக்குச் சாட்சியைக் கேட்கத் தெரிந்துவிடுமா?

2008-ம் ஆண்டு விதிகளைப் படித்தால் குறையே இல்லை என்று தோன்றும். மாதிரிக் கோர்ட்டு உண்டு. இரண்டு விசாரணைகளைப் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். ஐந்தாண்டு மாணவனுக்கு 20 வாரம், மூன்றாண்டு மாணவனுக்கு 12 வாரம் வெளிப் பயிற்சி. எல்லாம் இருக்கிறது, ஏட்டில்! பார்ப்பது வேறு, செய்வது வேறு. ஒரு சிற்றூர்க் கோர்ட்டில் ஒரு கிழவி, புதுக் கறுப்பு அங்கி போட்ட இளைஞனிடம் பத்திரத்தையும் பட்டாவையும் நீட்டியதைப் பார்த்தேன். அரசியல் சட்டத்தின் ஷரத்துகளை வரிசையாகச் சொல்லக்கூடிய பிள்ளைக்கு இரண்டிலும் சர்வே நம்பர் ஏன் மாறுகிறது என்று சொல்லத் தெரியவில்லை. சொன்னவர் குமாஸ்தா.

"சீனியரிடம் போய்க் கற்றுக்கொள்வான்" என்பார்கள். எந்தச் சீனியர்? தகப்பனார் வக்கீலாக இருந்தால் சரி. கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாக வருகிறவன் கட்டுகளைச் சுமந்துகொண்டு எத்தனை வருஷம் பட்டினி கிடப்பான்? ஜூனியருக்கு மாதம் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது. தாமாகக் கொடுத்திருந்தால் நீதிமன்றம் ஏன் சொல்கிறது?

டாக்டருக்குப் படிக்கிறவன் 12 மாதம் ஹவுஸ் சர்ஜனாக ஆஸ்பத்திரியில் உழைக்கிறான். சட்ட மாணவனுக்குக் கடைசி ஆறு மாதத்தையாவது தாலுகாக் கோர்ட்டில் வையுங்கள். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கு, இலவச உதவி நாடி ஜனங்கள் வருகிறார்கள். மூத்த வக்கீல் பக்கத்தில் இருக்க, மாணவன் அவர்கள் சொல்வதைக் கேட்கட்டும், தமிழில் பிராது எழுதட்டும், மூத்தவர் சிவப்பு மையால் அடிக்கட்டும், மறுபடி எழுதட்டும். மார்க்கும் அதற்கே போடுங்கள்.

ஏழைகள் தலையில் பழகுவதா என்று கேட்பீர்கள். இப்போது மட்டும் யார் தலையில் பழகுகிறான்? இன்று அவன் தனியாகத் தவறு செய்கிறான். தவறு நேரே கோர்ட்டுக்குப் போய்விடுகிறது. நான் கேட்பது, அந்தத் தாள் கோர்ட்டுக்குப் போகுமுன் இன்னொரு கை திருத்தட்டும் என்பதுதான்.

இது வக்கீல்கள் சமாசாரம் என்று நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். வாடகைத் தகராறோ, பாகப்பிரிவினையோ, திரும்பி வந்த செக்கோ, ஏதாவதொன்று நம்மையும் ஒருநாள் அந்த வராந்தாவில் நிறுத்தும். அப்போது நம் காகிதங்களை வாங்கிக்கொள்கிற கை, அதற்கு முன் ஒரு பிராதாவது எழுதிப் பார்த்த கையாக இருக்க வேண்டாமா?