உயிரோடு போன பிள்ளைக்கும் துக்கம் உண்டு: தத்துப் பிள்ளைகளின் எழுத்து பற்றி எங்கள் நிலைப்பாடு

1973 முதல் 1997 வரை இலங்கையிலிருந்து சுவிட்சர்லாந்துக்கு மட்டும் 881 குழந்தைகள் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். நெதர்லாந்துக்குப் போனவர்கள் 3,000க்கு மேல். மலையகத் தோட்டத் தாய்மார் பெற்ற பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. பொய்ப் பத்திரங்களையும், தாயாக நடிக்கக் கூட்டிவரப்பட்ட பெண்களையும் 2017இல் நெதர்லாந்தின் ‘செம்ப்லா’ தொலைக்காட்சி நிகழ்ச்சி அம்பலப்படுத்தியது. 2020இல் சுவிஸ் அரசு வருத்தம் தெரிவித்தது.

அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று நடுவயதை எட்டித் தங்கள் கதையை எழுதுகிறார்கள். “கைக்குழந்தையா போனது, அதுக்கு என்ன ஞாபகம் இருக்கும்? நல்லாத்தானே வளர்ந்திருக்கு” என்று நம்மவர்கள் சொல்வதை ஹட்டனில் கூடும் எங்கள் வாசகர் வட்டம் ஏற்கவில்லை. தாயைப் பிரிந்த குழந்தையின் தவிப்பை பிரித்தானிய உளமருத்துவர் ஜோன் போல்பி 1951லேயே உலக சுகாதார நிறுவனத்துக்கான அறிக்கையில் விளக்கினார். நிலையான அன்பு கிடைத்தால் குழந்தை வேறொருவரோடும் ஒட்டிக்கொள்ளும் என்பதும் உண்மை. வளர்த்தவள் மேல் பாசம் இருக்கிறது என்பதற்காகப் பெற்றவளுக்காக அழும் உரிமை போய்விடாது. இந்த எழுத்துகளில் நன்றியைத் தேடுபவர்கள் அந்தத் துக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தாய்மாரின் துக்கமோ நாங்கள் அறிந்த எந்தப் புத்தகத்திலும் சரியாக இல்லை. நம்மிடம் செத்தவருக்கு ஒப்பாரி உண்டு. எங்கோ உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு ஒப்பாரி வைப்பது ஆகாத காரியம். அதனால் கொழுந்து பறித்துவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பிய தாய்க்குத் தன் துக்கத்தை வாய்விட்டுச் சொல்லவே இடமில்லாமல் போனது. பிள்ளையைத் தத்துக் கொடுத்ததைப் பின்னால் வந்த கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லாமல் வாழ்பவர்கள் இருக்கக்கூடும். தாயைத் தேடி வரும் பிள்ளைகளின் வேதனை எங்களுக்குப் புரிகிறது. ஆனாலும், படத்தைக் கையில் வைத்துக்கொண்டு லயம் லயமாக விசாரிப்பதை நாங்கள் எதிர்க்கிறோம். அந்தத் தாயை ஊர்ப் பேச்சுக்கு ஆளாக்கும் வேலை அது.

தத்துப் பிள்ளைகளின் நூல்கள் தமிழுக்கு வர வேண்டும். சம்மதிக்கும் தாய்மாரின் பேச்சை, பெயர் மறைத்து, அவர்கள் பேசும் தமிழிலேயே பதிவு செய்ய வேண்டும். தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க மரபணுத் தரவு வங்கி அமைப்பதாக 2017இல் அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன சொன்னார். நுவரெலியா மாவட்டத் தாய்மார் நாட்கூலியை இழந்து கொழும்புக்கு அலையாமல், இங்கேயே இலவசமாக, இரகசியம் காத்து மரபணுப் பரிசோதனை நடக்க வேண்டும். பிறப்புப் பதிவேடுகளையும் வைத்தியசாலைப் பதிவுகளையும் சம்பந்தப்பட்ட பிள்ளையும் தாயும் பார்க்க அனுமதிக்க வேண்டும். அதற்கான விண்ணப்பம் தமிழிலும் இருக்க வேண்டும்.