சிறு கலங்களும் கடற் சட்டமும்

2025ஆம் ஆண்டு மே மாதம் 24ந் தேதியன்று, விழிஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்றுகொண்டிருந்த “எம்.எஸ்.ஸி. எல்ஸா 3” என்னும் சரக்குக் கப்பல், கொச்சிக் கரையிலிருந்து சுமார் 38 கடல் மைல் தூரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்வு 26 டிகிரி வரையில் போயிற்று. மறுநாள் 640 கொள்கலங்களுடன் அது கடலில் ஆழ்ந்தது. கடலோரக் காவற் படையும் கடற்படையும் விரைந்து சென்றமையால் மாலுமிகள் 24 பேரும் உயிர் தப்பினர். கப்பலின் நீளம் 184 மீட்டர். ஆதலால் நாடெங்கும் பேச்சாயிற்று. கேரள சர்க்கார் நஷ்ட ஈடு கோரி ஹைக்கோர்ட்டில் வழக்கும் தொடுத்தது. இவையெல்லாம் நியாயமே.

ஆனால் அதே கடலில், அதே காற்றிலும் அலையிலும், எத்தனையோ சிறு கலங்கள் சரக்கேற்றிக்கொண்டும் மீன் பிடித்துக்கொண்டும் ஓடுகின்றன. தூத்துக்குடியின் மரத்தோணிகள் வெங்காயமும் காய்கறியும் கட்டடச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு மாலத் தீவுக்குச் செல்வதை நாம் அறிவோம். அவற்றில் ஒன்று கவிழ்ந்தால் பத்திரிகைகளில் நான்கு வரிச் செய்தி வருகிறது. ராட்சத அலை என்றோ சூறைக்காற்று என்றோ ஒரு காரணம் சொல்லப்படுகிறது. அத்துடன் விஷயம் முடிகிறது. அவ்விதம் முடிவது தகாது என்பதே நமது கட்சி. அலை அடிப்பது கடலின் இயல்பு. அந்த அலையில் சாய்ந்த கலம் மறுபடி நிமிர்வதும் நிமிராததும், பெரும்பாலும், துறையை விட்டுப் புறப்படுமுன் மனிதர் செய்த காரியங்களையும் செய்யத் தவறிய காரியங்களையும் பொறுத்தவை.

கலம் நிமிரும் தத்துவம் கடினமானதன்று. கலத்தின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் கீழ்நோக்கி இழுக்கிறது. அதைப் பளுவின் மையம் என்போம். தண்ணீர் கலத்தை மற்றொரு புள்ளியில் மேல்நோக்கித் தள்ளுகிறது. அது மிதப்பின் மையம். கலம் சாயும்போது, சாய்ந்த பக்கத்தில் அதிகப் பாகம் நீரில் அமிழ்வதால், மிதப்பின் மையம் அப்பக்கமாக நகர்ந்து, சாய்ந்த பக்கத்தைத் தூக்கி நிறுத்த முயல்கிறது. இந்த முயற்சிக்கு உச்ச எல்லை ஒன்று உண்டு. பிரெஞ்சு அறிஞர் பூகே 1746இல் வெளியிட்ட தமது கப்பல் நூலில் அந்த எல்லைப் புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று பெயரிட்டார். பளுவின் மையம் அதற்குக் கீழே இருக்கும்வரை கலம் நிமிரும். அதற்கு மேலே ஏறிவிட்டால் கவிழும்.

அந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் எவ்வளவு? சர்வதேசக் கப்பல் ஸ்தாபனத்தின் 2008ஆம் ஆண்டு நிலைப்பு விதித் தொகுப்பின்படி, சரக்குக் கப்பலுக்குக் குறைந்த பட்சம் 15 சென்டிமீட்டர். ஒற்றைத் தட்டு மீன்பிடிக் கலங்களுக்கு 35 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லாத இடைவெளியில் ஒரு கப்பலும் அதிலுள்ள உயிர்களும் தங்கியிருக்கின்றன என்பதைத் தோணி உடைமையாளர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

இந்தச் சாண் எவ்வளவு சுலபமாகத் தொலைந்து போகிறதென்று கணக்கிட்டுப் பார்ப்போம். சரக்குடன் சேர்ந்து 200 டன் எடையுள்ள ஒரு கலம். அதன் அடியறையில் வைக்க வேண்டிய 10 டன் சரக்கை, மூன்று மீட்டர் உயரத்திலுள்ள மேல்தட்டில் அடுக்குகிறார்கள். மொத்தப் பாரம் ஒரு ராத்தல்கூடக் கூடவில்லை. கலம் நீரில் ஒரு விரற்கடைகூட அதிகமாக அமிழவில்லை. ஆயினும் பளுவின் மையம் 15 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. விதி கேட்கும் குறைந்தபட்ச இடைவெளி முழுவதும் அந்த ஒரு செய்கையிலேயே மறைந்துவிட்டது. துறையில் நிற்கும்போது இதனால் ஒரு வேறுபாடும் தெரியாது. நடுக்கடலில், பக்கவாட்டில் அலை வந்து மோதும் நேரத்திலேதான் தெரியும்.

இரண்டாவது சத்துரு, கலத்தினுள் புகுந்து தங்கும் தண்ணீர். கசிந்த நீராயினும், மீன் அறையில் உருகிய பனிக்கட்டி நீராயினும், பாதி நிரம்பிய எண்ணெய்த் தொட்டியாயினும், கலம் சாயும் பக்கமே அது ஓடுகிறது. இதில் அபாயம் நீரின் ஆழத்தைக் காட்டிலும் அது பரவி நிற்கும் அகலத்தில் இருக்கிறது. ஒரு சாண் ஆழமுள்ள நீர் கலத்தின் முழு அகலத்திற்கும் தடையின்றி ஓடுமானால், ஒரு சிறு தொட்டியில் தளும்ப நிற்கும் நீரைவிட அது பன்மடங்கு கொடியது. தொட்டியின் நடுவே நீளவாட்டில் ஒரு தடுப்பு வைத்தால், இந்தக் கேடு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒரு பலகைத் தடுப்பு இவ்வளவு வேலை செய்யும் என்பதை எத்தனை பேர் அறிவர்? மேல்தட்டில் ஏறிய அலைநீர் வடிந்து போகும் துவாரங்களை வலையும் சாக்கும் இட்டு அடைப்பதும், சரக்கறையின் வாயை மூடாமல் ஓடுவதும் இதே வகையைச் சேர்ந்த குற்றங்கள்.

மூன்றாவது, இடம் பெயரும் பாரம். கட்டாமல் வைத்த மூட்டைகளும், கப்பித் தூணிலிருந்து தொங்கும் வலையும் இதில் அடங்கும். தொங்கும் பாரம் தட்டிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஆடினாலும், அதன் எடை தூணின் உச்சியில் வைத்தது போலவே வேலை செய்கிறது. மனிதர்களும் இடம் பெயரும் பாரமே. 2009 செப்டம்பர் 30ந் தேதி தேக்கடி ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டபோது, வனவிலங்குகளைப் பார்க்கும் ஆவலில் பிரயாணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதே காரணமென்று கூறப்பட்டது. 2023 மே 7ந் தேதி மலப்புறம் ஜில்லாவின் தானூரில் 22 பேர் மாண்ட படகோ, மீன்பிடிப் படகாக இருந்து உல்லாசப் படகாக மாற்றப்பட்டது. இரண்டும் ஆழ்கடலில் நிகழ்ந்தவையல்ல. புயலே இல்லாத நீரிலும் நிலைப்பிழந்த கலம் கவிழும் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

நிற்க. இவற்றுக்குச் சட்டம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம். இங்கிலாந்தில் ஸாமுவேல் பிளிம்ஸால் என்னும் பார்லிமெண்டு அங்கத்தினர், அளவுக்கு மிஞ்சிப் பாரமேற்றி மாலுமிகளைச் சாகவிடும் முதலாளிகளை எதிர்த்து வருஷக்கணக்கில் போராடியதன் பயனாக, 1876இல் கப்பலின் பக்கத்தில் பாரக்கோடு தீட்ட வேண்டுமென்று சட்டமாயிற்று. ஆனால் அக்கோட்டை எந்த உயரத்தில் தீட்டுவது என்பதை அச்சட்டம் முதலாளியின் இஷ்டத்திற்கே விட்டது. ஒரு கப்பல் தலைவர் அதைப் புகைபோக்கியின் மேல் தீட்டினார் என்று ஒரு கதையும் உண்டு. 1890இல்தான் கோட்டின் இடமும் சட்டத்தால் நிச்சயிக்கப்பட்டது. கட்டுப்பட வேண்டியவனே எல்லையை வகுத்துக்கொள்வதானால் அது சட்டமாகாது என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

அதன் பின்னர் உலக தேசங்கள் கூடிப் பல உடன்படிக்கைகள் செய்தன. அவற்றின் விலக்கு விதிகளை வாசிப்பவர் வியப்படைவர். 1966ஆம் ஆண்டுப் பாரக்கோட்டு உடன்படிக்கை 24 மீட்டருக்குக் குறைந்த புதிய கப்பல்களுக்கும், எவ்வளவு நீளமான மீன்பிடிக் கலங்களுக்கும் இல்லை. நிலைப்பு விதித் தொகுப்பும் 24 மீட்டரிலேயே தொடங்குகிறது. 1974ஆம் ஆண்டுக் கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை 500 டன்னுக்குக் குறைந்த சரக்குக் கப்பல்களையும், மீன்பிடிக் கலங்களையும், “பழமை முறையில் கட்டிய மரக்கலங்களையும்” பொதுவில் விலக்கி வைக்கிறது. மீன்பிடிக் கலங்களுக்கென்றே 1977இல் டொரெமொலினோஸ் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கை அமலுக்கு வரவே இல்லை. அதற்கு ஈடாக 2012இல் கேப் டவுனில் ஏற்பட்ட ஒப்பந்தமும் 24 மீட்டர் கலங்களிலிருந்தே ஆரம்பமாகிறது.

இதன் பொருள் யாது? பௌதிக விதிக்கு விலக்கு இல்லை. எழுதிய விதிக்கு விலக்கு உண்டு. கலம் சிறியதாக ஆக, அலை அதற்குப் பெரியதாகிறது. சட்டத்தின் துணையோ சிறியதாகிறது. சர்வதேச உடன்படிக்கை விலக்கியதை உள்நாட்டுச் சட்டம் ஏற்றுக்கொள்ளத் தடையில்லை. நமது 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பற் சட்டத்தில் பாய்மரக் கலங்களுக்கென்று தனிப் பகுதி இருந்தது. பதிவு செய்வதும், மிஞ்சிய பாரத்தைத் தடுப்பதும் அதில் கூறப்பட்டிருந்தன. 2025இல் பார்லிமெண்டு அதற்குப் பதிலாகப் புதிய வணிகக் கப்பற் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டத்தின் உயிர் அதன் கீழ் இயற்றும் விதிகளில் இருக்கிறது என்பதை வழக்கறிஞர் எவரும் அறிவர். சிறு கலங்களின் கதி என்ன என்பதையும் அந்த விதிகளே தீர்மானிக்கும். ஆகையால் இப்பொழுது பேசாமலிருப்பது குற்றமாகும்.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் கூறப்படும். “எங்கள் பாட்டன் காலந்தொட்டுப் படமும் கணக்கும் இல்லாமலே தோணி கட்டினோம், ஓட்டினோம்; இப்பொழுது புஸ்தகம் எதற்கு?” என்பது முதலாவது. நமது தச்சர்களின் கைத்திறனிலும் தண்டல்மார்களின் கண்ணளவிலும் நாம் எவருக்கும் குறைந்த பெருமை கொள்ளவில்லை. ஆனால் அந்த அனுபவம் பாயும் மரமும் கொண்ட கலத்தில் விளைந்தது. இன்று அதே உடலில் எஞ்சின் ஏறியிருக்கிறது. எண்ணெய்த் தொட்டி ஏறியிருக்கிறது. மேல்தட்டில் அறை ஏறியிருக்கிறது. விசைப்படகிலோ இரும்புத் தூணும் வலையிழுக்கும் யந்திரமும் ஏறியிருக்கின்றன. பாட்டன் அறிந்த கலம் வேறு. பேரன் ஓட்டும் கலம் வேறு. மாற்றம் செய்தவர்கள், மாற்றத்திற்குப் பின் பளுவின் மையம் எங்கே நிற்கிறதென்று பார்த்தார்களா என்பதே கேள்வி.

“ஏழை உடைமையாளர்கள் இதற்குப் பணத்திற்கு எங்கே போவார்கள்?” என்பது இரண்டாவது. இது அறியாமையால் எழுவது. துறையில், அமைதியான நீரில், கயிறுகளைத் தளர்த்திவிட்டு, எடை தெரிந்த சில மூட்டைகளை மேல்தட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு நகர்த்தி, கொத்தனாரின் தூக்குக் குண்டு எவ்வளவு விலகுகிறதென்று அளந்தால், அந்த இடைவெளி கணக்கிற்கு வந்துவிடும். அதுவும் முடியாவிடில், கலத்தை மெல்ல ஆட்டிவிட்டு, ஒரு முறை ஆடித் திரும்ப எத்தனை விநாடி ஆகிறதென்று கடிகாரத்தைப் பார்த்து, கலத்தின் அகலத்தோடு ஒப்பிட்டு உத்தேசமாக அறியலாம். சட்டென்று நிமிரும் கலம் உடம்புக்கு வருத்தந் தரும். சோம்பலாக நிமிரும் கலமே உயிருக்கு அபாயமானது. “மெதுவாக ஆடுகிறது, நல்ல தோணி” என்று சொல்வது எவ்வளவு பெரிய மயக்கம்!

ஆகவே நாம் சர்க்காரிடம் கோருவன இவை. பதிவாகும் ஒவ்வொரு சிறு கலத்திற்கும், அல்லது ஒரே மாதிரியான கலங்கள் பலவற்றுக்குப் பிரதியாக ஒன்றுக்கேனும், நிலைப்புச் சோதனை சர்க்கார் செலவிலேயே நடத்தப்பட வேண்டும். அதன் முடிவு இங்கிலீஷில் எழுதி அலமாரியில் பூட்டும் புஸ்தகமாக இராமல், அடியறையில் எவ்வளவு, மேல்தட்டில் எவ்வளவு, எந்தத் தொட்டியை நிரப்பியோ காலியாகவோ வைப்பது என்று தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, தண்டலின் கண்ணெதிரே ஒட்டப்பட வேண்டும். பாரக்கோட்டை அதிகாரி வந்து தீட்ட வேண்டும். உடைமையாளரின் இஷ்டத்திற்கு விடலாகாது. எஞ்சினையோ மேற்கட்டையோ மாற்றினால் சோதனை மறுபடி நடத்தியே தீர வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும் அந்நாட்களைவிடச் சோதனைக்கும் போதனைக்கும் ஏற்ற சமயம் வேறில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. கோட்டுக்கு மேல் ஏற்றிய கலத்தில் போக மறுக்கும் தண்டலுக்கும் கடலாளிக்கும் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும். சரக்குக்கு உடையவர் கரையில் நிற்கிறார். உயிருக்கு உடையவரே கலத்தில் செல்கிறார். “இன்னும் பத்து மூட்டை” என்று சொல்பவருக்கு அதிகாரமும், “வேண்டாம்” என்பவருக்கு வேலை இழப்பும் இருக்கும்வரை எந்தக் கோடும் பயன்படாது. தேச ஊழியர்கள், முக்கியமாகக் கடற்கரை ஊர்களில் தொண்டு செய்வோர், இந்த உரிமையைத் தொழிலாளரிடையே எடுத்துச் சொல்வது தங்கள் கடமை என்று கொள்ள வேண்டும்.

தூத்துக்குடித் துறையில்தான் 1906இல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். நமது கடலில் நமது கலம் ஓட வேண்டுமென்ற அந்த எண்ணத்துக்காக அவர் சிறையில் செக்கிழுத்தார். அந்த உரிமை இன்று நமக்கு உண்டு. அன்று சுதேசிக் கப்பலை மடக்கியது அந்நியரின் போட்டியும் அடக்குமுறையும்; இன்று சுதேசித் தோணி கவிழுமானால், அந்தப் பழியை ஏற்றுவதற்கு நமக்கு அந்நியர் எவரும் இல்லை. புதிய சட்டத்தின் விதிகளை வகுக்கும் அதிகாரிகள், பெருங்கப்பல்களுக்கான அத்தியாயங்களை முடித்த பிறகு மிஞ்சிய இடத்தில் சிறு கலங்களைச் சேர்க்காமல், அவற்றில் செல்வோரின் உயிரும் அதே நிறையுடையது என்பதை உணர்ந்து செயலாற்றுவார்களென்று நம்புகிறோம்.