இருசை மாற்ற வேண்டுமா?

எங்கள் வீட்டுப் பழைய பொலேரோவுக்குப் பின் இருசை மாற்றிவிட்டு, பிள்ளைகளோடு கொல்லிமலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போவதாக மகன் சொன்னான். வேண்டாம் என்றேன். அவனுக்கு என் மேல் வருத்தம்.

பிரெஞ்சுப் பள்ளியில் எனக்கு அது 'எஸ்ஸியு'. காரைக்கால் மாட்டுவண்டிக்காரருக்கு இருசு. பெயர் எதுவானாலும் பாரம் தாங்குவது அதுதான். பின்சக்கர பிரேக்கும் அதன் இரு முனையில்தான். வலுவான இருசு கரடுமுரடான பாதைக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் வேறு வண்டியின் இருசென்றால் அகலம், பிரேக், பல்சக்கரக் கணக்கு எல்லாம் பொருந்த வேண்டும். கொல்லிமலைக்குத் தார்ச்சாலையே இருக்கிறது. பயம் அதன் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதுதான். அங்கே பிரேக் பிடிக்காவிட்டால்?

கோப்புகளோடு காலம் கழித்தவன், சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் கைவிரிக்கவும் கூடும்.

அந்தப் பணத்தில் பிரேக், பேரிங், டயரைச் சரிபார். நம் கடற்கரை உப்புக்காற்று அடிச்சட்டத்தை எவ்வளவு தின்றிருக்கிறது என்றும் பார். கூடாரம் என் ஓய்வூதியத்தில் வாங்கித் தருகிறேன். பின்இருக்கையில் உட்காரப் போவது என் பேத்திகள் அல்லவா!