அரசு அலுவலக வாசலில் யாருக்கு முதல் இடம்?

சிரம்பானில் ஓர் அரசு அலுவலக வளாகத்துக்குள் யார் வண்டி நிறுத்தலாம் என்பதை அந்த அலுவலகமே முடிவு செய்கிறது. வெளியே சாலையோரக் கட்டண இடங்கள், 2020இல் உருவான சிரம்பான் மாநகர் மன்றத்தின் பொறுப்பு. உள்ளே இடம் இல்லையென்றால் வெளியே பணம் கட்ட வேண்டும்.

வேறு இலாகாவிலிருந்து கூட்டத்துக்கு வரும் அரசு ஊழியருக்கும் இதே நிலை வரலாம். ஆனால், கடமைப் பயணத்தில் அவர் செலுத்தும் நிறுத்தக் கட்டணத்தையும் டோலையும் திரும்பக் கோரலாம். அன்றைய சம்பளமும் உண்டு.

பகாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து புக்கிட் பூத்துஸ் மலையைக் கடந்து, பிள்ளையின் குடியுரிமை விஷயமாக வருபவரை நினைத்துப் பாருங்கள். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளுக்கு வகுத்தால், நாளுக்கு ஏறத்தாழ 65 ரிங்கிட். சம்பளமில்லா விடுப்பில் வந்தால் அதுவும் போகும். நிறுத்தக் கட்டணம் தனி.

கூட்டத்துக்கு வரும் அதிகாரிகளுக்கு இடம் ஒதுக்குவதை நான் எதிர்க்கவில்லை. கூட்டம் தாமதமானால் மக்கள் வேலையும் தாமதமாகும். ஆனால், அழைப்புக் கடிதம் உள்ளவருக்கு, கூட்ட நேரத்துக்கு மட்டும் அந்த இடம் போதும். பிறகு அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட வேண்டும்.

வாசலை ஒட்டிய இடம் எப்போதும் மாற்றுத்திறனாளிகளுக்கே. 2008ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக் கட்டடங்களை அணுகும் உரிமையை அவர்களுக்குத் தந்தது. மீறுவோருக்குத் தண்டனை விதிக்கவில்லை. அந்தக் குறையை அலுவலக விதிதான் ஈடுசெய்ய முடியும்.

நாளை உங்களில் சிலர் அரசுப் பணியில் இத்தகைய விதிகளை எழுதுவீர்கள். செலவைத் திரும்பக் கோர முடியாதவரை அப்போது முதலில் நினையுங்கள்.