குற்றவாளி எலியா, கூண்டா?

மனச்சோர்வு, உறுதியற்ற உள்ளத்தின் குற்றம் என்று ஒரு சாரார் நெடுங்காலமாகக் கூறி வருகின்றனர். மூளையில் ஒரு புரதம் குறைந்துவிட்டது, அதனைக் கூட்டிவிட்டால் துயர் தீர்ந்தது என்று மற்றொரு சாரார் இப்போது கூறுகின்றனர். மனிதன் வாழும் சூழலைப் பற்றி இரு சாராரும் வாய் திறப்பதில்லை.

விஞ்ஞானம் உண்மையில் கூறுவது யாது?

நரம்பணுக்கள் உயிர்த்திருக்கவும் கிளைத்து வளரவும் உதவும் புரதமொன்றை 1982இல் பார்டே முதலிய விஞ்ஞானிகள் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தனர். பீ.டீ.என்.எப். என்பது அதன் சுருக்கப் பெயர். அசையவிடாது அடக்கி வைக்கப்பட்ட எலிகளின் மூளையிலே, நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகம்பஸ் பகுதியில், இப்புரதத்தின் ஆக்கத்துக்கான செய்தி குன்றுவது 1995இல் அறியப்பட்டது. மனச்சோர்வு மருந்துகள் அதனைக் கூட்டுவதும் அதே ஆண்டில் தெரியவந்தது. 'புரதம் குறைந்தால் சோர்வு' என்னும் வாய்பாடு இவ்வாறே வலுப்பெற்றது.

2006இல் பேர்ட்டன், நெஸ்லர் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இவ்வாய்பாட்டைக் கலக்கிற்று. பருத்த முரட்டு எலியின் கூண்டிலே ஒரு சுண்டெலி விடப்பட்டது. சில நிமிட நேரம் அடி. எஞ்சிய நேரமெல்லாம் துளையிட்ட தடுப்புக்கு அப்பால் அம்முரடனின் முகம். இவ்வாறு பத்து நாள்; நாளுக்கொரு புதிய முரடன். ஈற்றில் அச்சுண்டெலி பிற எலியைக் கண்டாலே ஒதுங்கிற்று. நான்கு வாரம் கழிந்தும் ஒதுங்கிற்று. இன்பவுணர்ச்சிக்குரிய நரம்புப் பாதையிலே இதே புரதத்தை நீக்கியபோதோ அந்த ஒதுக்கம் மறைந்தது! ஓரிடத்தில் துணை செய்வது மற்றோரிடத்தில் துன்பத்தைப் பதிய வைக்கிறது. ஆகவே, 'கூட்டினால் போதும்' என்பது வியாபாரப் பேச்சேயன்றி விஞ்ஞானமன்று.

"எல்லா எலிகளும் சோரவில்லையே?" என்று மனவுறுதிவாதிகள் குறுக்கிடுவர். மெய்தான். 2007இல் வெளியான ஆய்வில் ஒரு பகுதி எலிகள் தாக்குப்பிடித்தன. அவற்றின் நரம்பணுக்கள் வேறுவிதமாக இயங்கியமையே அங்கு காணப்பட்ட வேறுபாடு. அவை உபதேசம் கேட்டுத் திடம் பெற்றவையல்ல. சில எலிகள் தாங்கின என்பதால் கூண்டு நியாயமாகிவிடுமா?

மருந்தை நாம் மறுக்கவில்லை. நான்கு வாரம் மருந்து பெற்ற சுண்டெலிகள் மீண்டன. நோயுற்றவருக்கு வைத்தியம் வேண்டும். எலி மனிதனன்று என்பதையும் நாம் மறந்தோமில்லை. ஆனால் மனிதரிடமிருந்தும் சான்று உண்டு. பிரித்தானிய அரசாங்க ஊழியரிடையே 1985இல் தொடங்கிய இரண்டாவது வைட்ஹோல் ஆய்வு, வேலைப் பளு மிகுந்தோரிடமும் உழைப்புக்கேற்ற பயன் பெறாதோரிடமும் மனநலக் கேடு மிகுவதைக் காட்டிற்று.

இவ்வெலிப் பரிசோதனைகளில் முதற் காரியம் ஒன்றே: அடிபடும் இடத்தில் எலியை விட்டு, வெளியேறும் வழியை அடைத்தல். புரதத்தின் ஏற்றவிறக்கமெல்லாம் அதன் பின்னர் நிகழ்பவை. ஆய்வுகூடத்திலே கூண்டைச் செய்தவர் யாரென்று எவரும் அறிவர். சமுதாயத்திலே மட்டும் அக்கேள்வியைக் கேட்கலாகாதா?

சோர்ந்திருக்கும் மாணவனைக் கோழை என்று ஏசுமுன், அவன் வீட்டில் அடுப்பெரிந்ததா, அவன் தந்தைக்கு வேலை உண்டா என்று ஆசிரியர் விசாரிப்பாராக. நோயாளிக்கு மருந்து கொடுப்போம். அதனோடு கூண்டையும் உடைப்போம். இரண்டில் ஒன்றை மட்டும் செய்வோர் பணியை அரைகுறையாக விட்டவரேயாவர்.