கடவுச்சொல்லுக்கும் உப்பு வேண்டும்

நம் சங்க நூலகத்தின் இரவல் கணக்கிற்காகப் பைத்தான் மொழியில் சிறு நிரல் ஒன்று எழுதினேன். நிரல் நின்றதும் உறுப்பினர் பெயரும் கடவுச்சொல்லும் மறைந்துவிடும். நாள்தோறும் புதிதாய்ப் பதிய வேண்டும். கோப்பில் எழுதி வைத்தேன், குறை தீர்ந்தது. ஆனால், பிழை திருத்த அக்கோப்பைத் திறந்தபோது நண்பர்களின் இரகசியமெல்லாம் என் கண்முன் கிடந்தன! ஊரைப் பிரிந்து வந்த பலர் ஊர்ப் பெயரையே கடவுச்சொல்லாக வைத்திருந்தனர். மின்னஞ்சலுக்கும் அதுவேயானால்?

1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இரு கோப்புகள் இடம் மாறியதால், கணினியில் நுழைந்தோருக்கெல்லாம் கடவுச்சொற் பட்டியலே காட்சி தந்தது.

ஆகவே, சொல்லையே சேமிக்கலாகாது என்பது என் துணிபு. ஒவ்வொருவர் சொல்லோடும் தற்செயலான சில எழுத்துகளைச் சேர்க்க வேண்டும்; இதற்கு 'உப்பு' என்றே பெயர். பின், மீட்க இயலாதவாறு அரைத்து, விளைவையும் உப்பையும் மட்டும் எழுதுக. மறுநாள் தரும் சொல்லையும் அவ்வாறே அரைத்து ஒப்பிட்டால் போதும். மதுரைக்காரர் இருவர் ஒரே சொல்லை வைத்தாலும் விளைவு வேறாகும். பைத்தானின் ஹாஷ்லிப் தொகுப்பிலுள்ள எஸ்கிரிப்ட் இப்பணியைச் செய்யும்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே! நண்பர்களே, நம்பித் தந்தவர் சொல்லை நாமும் அறியாதிருப்பதே நாணயம்.