கப்பற்பிரயாணத்தில் ஓசையும் ஒரு தடை: துறைமுக அமைச்சருக்குத் திறந்த மடல்

மத்தியத் துறைமுகங்கள், கப்பல் மற்றும் நீர்வழிப் போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



2024 செப்டம்பர் 30ஆம் தேதி மும்பைத் துறைமுகத்தில் ‘க்ரூஸ் பாரத்’ இயக்கம் தொடங்கப்பெற்றபோது, உல்லாசக் கப்பல்களில் யாத்திரை செய்வோரின் தொகையை ஐந்தாண்டுகளில் இரு மடங்காக்குவது அரசாங்கத்தின் நோக்கம் என அறிவிக்கப்பட்டது. அந்நோக்கம் நிறைவேற வேண்டுமென்று மனமார விரும்புகிறவர்களில் நானும் ஒருத்தி. ஏனெனில், பிறவியிலேயே மூளை முடக்குவாதத்துக்கு ஆளாகிச் சக்கர நாற்காலியில் காலம் கழிக்கும் என் போன்றோருக்கு, ஊருக்கு ஊர் விடுதி மாறிப் பெட்டி படுக்கைகளைக் கட்டி அவிழ்க்கும் சிரமமின்றி, ஒரே அறையில் தங்கியபடியே பல ஊர்களைக் காண்பதற்குக் கப்பலைக் காட்டிலும் உகந்த வாகனம் வேறில்லை. புதிய கப்பல்களும் புதிய முனையங்களும் வரவிருக்கும் இத்தருணத்திலேயே சொல்லிவிட வேண்டிய சில விஷயங்களைத் தங்கள் சமுகத்தில் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்குக் கை கால்கள் வசப்படாதிருப்பது எவர் கண்ணுக்கும் தெரியும். எதிர்பாராத ஓர் ஓசை காதில் விழுந்த மாத்திரத்தில் எங்களில் பலருக்குச் சரீரம் முழுவதும் தூக்கிவாரிப் போட்டுத் தசைகள் இறுகிவிடுவதும், இறுகியவை தளர நெடுநேரம் ஆவதும் அருகிருப்போர்க்கே தெரியும். சில காலத்துக்கு முன் கிழக்குக் கரைத் துறைமுகம் ஒன்றில் நான் கப்பலேறிய தினத்தன்று, அபாய காலப் பயிற்சி மாலையில் நடக்கும் என்று மட்டும் சொன்னார்கள், மணியைச் சொல்லவில்லை. போஜனசாலையில் என் தமக்கையார் காபியை ஆற்றி என் கையில் கொடுத்த வேளையில், தலைக்கு நேர் மேலே இருந்த ஒலிபெருக்கி சங்கை முழக்கிற்று. ஏழு குறுகிய ஊதல்கள், அவற்றின்பின் ஒரு நெடிய ஊதல். சர்வதேசக் கடற்பாதுகாப்பு விதிகள் வகுத்திருக்கும் அடையாளம் அது. முதல் ஊதலிலேயே காபி என் மடியில் கொட்டிற்று; எட்டாவது ஊதல் ஓய்வதற்குள் என் முழங்கால்கள் மேசையின் அடிப்புறத்தில் மோதி மோதிக் கன்றிப்போயின. ஓடி வந்த சிப்பந்தி அன்பான இளைஞர். பாவம், இத்தகைய சந்தர்ப்பத்தில் என்ன செய்வதென்று அவருக்கு எவரும் கற்பித்திருக்கவில்லை.

அப்பயிற்சி அவசியம் என்பதில் எனக்கு லவலேசமும் சந்தேகம் கிடையாது. 2012இல் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்னும் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் மாண்டபோது, அன்று ஏறிய பிரயாணிகள் பலர் பயிற்சியைப் பெற்றிருக்கவே இல்லை. அதன் பின்னரே, கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்டவுடனேயோ அதை நடத்தியாக வேண்டுமென்று சர்வதேச விதி திருத்தப்பட்டது. ஆயினும், கொரோனாக் காலம் தொட்டு, பாதுகாப்பு முறைகளை அறையிலேயே படமாகப் பார்த்துவிட்டு, கூட வேண்டிய இடத்தைத் தனித்தனியே போய்க் கண்டுவரும் வழக்கம் பல கப்பல்களில் ஏற்பட்டிருக்கிறது. கூட்டத்தின் இரைச்சலையும் விளக்குகளின் பளிச்சிடலையும் தாங்கமாட்டாத ஆட்டிசக் குழந்தைகளுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் இது எத்துணை பெரிய ஆறுதல்! பாதுகாப்பில் ஒரு குன்றிமணியும் குறையாமல் செய்யக்கூடிய காரியம் இது.

என் அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சக்கர நாற்காலி நுழையத்தக்க அகலமான கதவுடைய அறை அக்கப்பலில் நாடக அரங்குக்கு நேர் கீழே அமைந்திருந்தது. நள்ளிரவு கடந்தும் மத்தள அதிர்வு கட்டிலின் இரும்புச் சட்டத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. சக்கரத்துக்கு இடம் கிடைத்தது, செவிக்கு ஓய்வு கிடைக்கவில்லை. உடற்குறை என்றால் படிக்கட்டும் சரிவுப்பாதையும் மட்டுமே நினைவுக்கு வருகிற நிபுணர்கள் அவ்வறையை வரைந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். குளியலறை வாசலின் உயர்ந்த நிலைப்படி, கடல்நீரின் ஏற்ற இறக்கத்துக்கேற்பச் சரிவு மாறும் ஏறுபாலம், நடுக்கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் இறக்கும்போது சக்கர நாற்காலிக்காரர் கப்பலிலேயே தங்கிவிட நேர்வது ஆகியவை ஏற்கெனவே பலரும் எடுத்துரைத்த குறைகளாதலால், அவற்றை விரிக்கவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மூளை முடக்குவாதத்தையும் ஆட்டிசத்தையும் உள்ளிட்ட 21 குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அதன் 41ஆம் பிரிவு, வசதிகள் அமைய வேண்டிய இடங்களாகப் பேருந்து நிறுத்தங்களையும் ரயில் நிலையங்களையும் விமான நிலையங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. துறைமுகத்தின் பெயர் அங்கே இல்லை. எல்லாவகைப் போக்குவரத்தும் எங்களுக்கு எட்ட வேண்டும் என்ற பொதுவாசகம் அடுத்து வருவதால் கப்பலும் அதில் அடங்கும் என்பதே என் துணிபு. எட்டத்தக்க வசதிகளுக்கான விதிகள் வெறும் வழிகாட்டுதலாக நில்லாமல் கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. கப்பல் அந்நியக் கொடி தாங்கியது என்ற சமாதானமும் செல்லாது: அமெரிக்கக் கடலெல்லைக்குள் வரும் அந்நியக் கொடிக் கப்பல்களையும் அந்நாட்டு உடற்குறையாளர் சட்டம் பொதுவாகக் கட்டுப்படுத்தும் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2005இலேயே தீர்த்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, 48 மணி நேரத்துக்கு முன் தெரிவித்த பிரயாணிக்குக் கட்டணமின்றி உதவுவது 2012 முதல் கப்பல் நிறுவனங்களின் கடமையாக இருக்கிறது.

ஆகவே, எந்தக் கொடியைத் தாங்கியதாயினும், நம் துறைமுகத்தில் பிரயாணிகளை ஏற்றும் ஒவ்வொரு கப்பலும், சங்கு எப்போது முழங்கும், பயிற்சி எத்தனை மணிக்கு, எந்த அறை அரங்கின் கீழே உள்ளது, எந்தத் துறையில் படகில் இறங்க நேரும் என்பனவற்றைச் சீட்டு வாங்குமுன்பே எங்களுக்கு எழுத்தில் தரும்படி விதி செய்யுங்கள். ஒலியும் விளக்கும் தணிந்த ஓர் அறையைக் கப்பலிலும் முனையத்திலும் ஒதுக்கச் சொல்லுங்கள். சிப்பந்திகளுக்கு இவ்விஷயத்தில் பயிற்சி அளிக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, புதிய முனையங்களின் வரைபடங்களில் தங்கள் உத்தியோகஸ்தர்கள் கையொப்பமிடுமுன், சக்கர நாற்காலியில் வருவோரையும் ஆட்டிசமுடையோரையும் ஒரே மேசைக்கு அழைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டருளுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு கப்பற்பிரயாணி